ஐஸால், மார்ச் 1966: ஒரு வாரச் சண்டையும் இருபது ஆண்டு விலையும்

புதுதில்லி: மணிப்பூர் வன்முறையை முன்வைத்து எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது 2023 ஆகஸ்ட் 10ஆம் தேதி மக்களவையில் பதிலளித்த பிரதமர் நரேந்திர மோடி, 57 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியை அவைக்கு நினைவூட்டினார். அது 1966 மார்ச் 5. அன்று மிசோரம் மக்கள் மீது காங்கிரஸ் அரசு விமானப்படையை ஏவியது என்பது அவரது குற்றச்சாட்டு. பாகிஸ்தான், சீன ஆதரவுடன் நாட்டைப் பிளக்க முயன்றவர்களை எதிர்கொள்ள இந்திரா காந்தி எடுத்த கடினமான முடிவு அது என்று காங்கிரஸ் தரப்பு பதில் கூறியது.

விவாதம் அத்துடன் நிற்கவில்லை. பின்னாளில் அரசியல் தலைவரான ராஜேஷ் பைலட்டும் அன்று குண்டு வீசிய விமானிகளில் ஒருவர் என்று பா.ஜ.க. தரப்பில் கூறப்பட்டது. தம் தந்தை விமானப்படையில் நியமனம் பெற்றதே 1966 அக்டோபர் 29ஆம் தேதிதான் என்று சச்சின் பைலட் ஆவணத்துடன் மறுத்தார். சில நாள்களில் வேறு செய்திகள் வந்தன. மிசோரம் மீண்டும் பக்கத்தின் மூலைக்குப் போயிற்று. குண்டு வீசியது யார் என்ற வாக்குவாதத்தில், அந்த வாரத்தில் நடந்தது என்ன, அதற்குப் பின் என்ன நடந்தது என்ற கேள்விகள் பின்தள்ளப்பட்டன.

தேசிய அரசுக்கு எதிராக ஒரு பிரதேசம் ஆயுதம் ஏந்தும்போது முதல் சண்டைகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்பது பொதுவான எண்ணம். மிசோ மலைகளின் அனுபவம் வேறு. அங்கு முதல் சண்டைகள் ஒரு மாதத்துக்குள் முடிந்தன, அரசே வென்றது. ஆயினும் அமைதி திரும்ப இருபது ஆண்டுகள் ஆயின.

எலிகளும் மூங்கிலும்

இன்றைய மிசோரம் அன்று அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டம். மிசோ மலை மாவட்டம் என்பது அதன் பெயர். அசாம் சட்டமன்றத்தில் அதற்கு மூன்றே உறுப்பினர்கள். மாவட்டத் தலைநகரான ஐஸாலை வெளியுலகத்துடன் இணைத்தது சில்சாரிலிருந்து வரும் மலைச்சாலை ஒன்றுதான்.

அந்த மலைகளில் வளரும் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துக் காய்த்து மடியும். அதன் விதைகளைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் எலிக் கூட்டங்கள் வயல்களிலும் களஞ்சியங்களிலும் இறங்கும். அடுத்து வருவது பஞ்சம். மிசோ மொழியில் இதற்கு 'மௌதாம்' என்று பெயர். மூங்கிலின் சாவு என்பது பொருள்.

1959இல் மௌதாம் வரப்போகிறது என்பதை மிசோ முதியவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தனர். மாவட்டக் கவுன்சில் 1958 அக்டோபரிலேயே தீர்மானம் நிறைவேற்றி, நிவாரணப் பணிகளுக்கு ரூ.15 லட்சம் ஒதுக்குமாறு அசாம் அரசைக் கேட்டது. மூங்கில் பூப்பதற்கும் பஞ்சத்துக்கும் முடிச்சுப் போடுவது பழங்குடியினரின் மூடநம்பிக்கை என்று கருதிய அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. கணிப்பு பலித்தது. மலைக்கிராமங்களில் அரிசி தீர்ந்தது. மக்கள் காட்டுக் கிழங்குகளைத் தோண்டித் தின்றனர். நிவாரணம் தாமதமாகவும் குறைவாகவும் வந்து சேர்ந்தது.

அரசு செய்யாததைச் செய்ய ஓர் அமைப்பு எழுந்தது. மிசோ தேசியப் பஞ்ச முன்னணி என்ற பெயரில் இளைஞர்கள் தொலைவிலுள்ள கிராமங்களுக்கு அரிசி மூட்டைகளைச் சுமந்து சென்றனர். அதன் தலைவர் லால்டெங்கா, முன்பு இந்திய ராணுவத்தில் ஹவில்தாராகப் பணியாற்றியவர். பிறகு மாவட்டக் கவுன்சிலில் எழுத்தர். 1961 அக்டோபர் 22ஆம் தேதி அந்த அமைப்பு தன் பெயரிலிருந்து 'பஞ்சம்' என்ற சொல்லை நீக்கியது. மிசோ தேசிய முன்னணி பிறந்தது. அதன் குறிக்கோள் தனி நாடு.

இடையில் மற்றொன்றும் நேர்ந்தது. 1960இல் அசாம் சட்டமன்றம் அசாமி மொழியை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. மலைப்பகுதித் தலைவர்கள் ஒருமித்து எதிர்த்தனர். வங்காளம் பேசும் சில்சாரில் 1961 மே 19ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிரிழந்தனர். பசியுடன் மொழியும் சேர்ந்துகொண்டது. மிசோ மலைகளில் செல்வாக்குப் பெற்றிருந்த மிசோ யூனியன் அரசமைப்புக்கு உட்பட்ட தீர்வையே நாடியது. ஆனால் அதன் குரல் நாளுக்கு நாள் மங்கியது. தேசிய முன்னணியின் குரல் ஓங்கியது.

1965 அக்டோபர் 30ஆம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கு முன்னணி ஒரு மனு அளித்தது. மிசோ மக்கள் எந்நாளும் இந்தியாவின் பகுதியாக இருந்ததில்லை என்று வாதிட்ட மனு அது. பாகிஸ்தானுடனான போர் நின்று அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. கிழக்குப் பாகிஸ்தானில் மிசோ இளைஞர்கள் ஆயுதப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர்.

'எரிகோ' நடவடிக்கை

1966 ஜனவரி 11ஆம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். 24ஆம் தேதி இந்திரா காந்தி பிரதமரானார். பிப்ரவரியில் அவர் நாகா தலைவர்களைத் தில்லிக்கு அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வடகிழக்கில் அரசின் கவனமெல்லாம் நாகா மலைகளின் மீதே இருந்தது. புதிய பிரதமர் பதவியேற்ற ஐந்து வாரங்களில் மிசோ மலைகள் வெடித்தன.

முன்னணி தன் தாக்குதலுக்கு வைத்த பெயர் 'எரிகோ நடவடிக்கை'. எக்காளம் ஊதியதும் எரிகோ நகரின் மதில்கள் இடிந்து விழுந்ததாக விவிலியம் கூறும். கிறிஸ்தவ சமயம் ஆழ வேரூன்றிய மலைகளில் அப்பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே இரவில் அரசின் எல்லா மதில்களையும் வீழ்த்துவது திட்டம்.

பிப்ரவரி 28ஆம் தேதி இரவு பல ஊர்களில் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடங்கியது. தெற்கே லுங்லேயில் அசாம் ரைபிள்ஸ் முகாம் தாக்கப்பட்டது. கிழக்கே பர்மா எல்லையோரச் சம்பாயில் இருந்த முகாம் எளிதில் வீழ்ந்து, அங்கிருந்த ஆயுதங்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போயின. சில்சார் சாலையில் உள்ள வைரெங்தே, கொலாசிப் ஆகிய ஊர்களில் அரசு அலுவலர்கள் வளைக்கப்பட்டனர். ஐஸாலில் தொலைபேசி இணைப்பகம் செயலிழந்தது. அரசுக் கருவூலம் கொள்ளையடிக்கப்பட்டது. மார்ச் 1ஆம் தேதி லால்டெங்கா விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார்.

ஐஸாலின் நடுவே இருந்த அசாம் ரைபிள்ஸ் தலைமையகம் மட்டும் விழவில்லை. மாவட்ட நிர்வாகத்தினர் அதற்குள் தஞ்சம் புகுந்தனர். சுற்றியுள்ள மேடுகளில் கிளர்ச்சியாளர்கள். உள்ளே நாளுக்கு நாள் குறைந்துவந்த குண்டுகளும் குடிநீரும். ஹெலிகாப்டரில் படையினரை இறக்கவும் பொருள்களைச் சேர்க்கவும் நடந்த முயற்சிகள் கீழிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டால் தோல்வியடைந்தன. தெற்கே லுங்லே முகாம் சில நாள்கள் தாக்குப்பிடித்து வீழ்ந்தது.

மார்ச் 2ஆம் தேதி மிசோ மலை மாவட்டம் கலவரப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ராணுவத்தின் 61ஆவது மலைப் படைப்பிரிவு சில்சார் வழியாக ஐஸாலை நோக்கி நகர்ந்தது. வழியெங்கும் தடைகள், பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன.

வானிலிருந்து வந்த பதில்

மார்ச் 5ஆம் தேதி ஐஸாலின் வானில் போர் விமானங்கள் தோன்றின. தூஃபானி, ஹன்டர் ரக ஜெட் விமானங்கள் அவை. முதல் நாள் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டன; மறுநாள் தீக்குண்டுகளை வீசின. மர வீடுகள் நெருக்கமாக அமைந்த மலைநகரம் அது. தீ ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. நகரின் பல பகுதிகள் சாம்பலாயின. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள காடுகளுக்கும் கிராமங்களுக்கும் ஓடினர்.

விமானத் தாக்குதலை அடுத்து முற்றுகை தளர்ந்தது. தரைப்படை ஐஸாலுக்குள் நுழைந்தது. மார்ச் மத்தியில் லுங்லேயும் குண்டுவீச்சுக்கு உள்ளாகும் என்ற எச்சரிக்கை எழுந்தபோது, அந்நகரின் திருச்சபைத் தலைவர்கள் கிளர்ச்சியாளர்களைச் சந்தித்து வெளியேறுமாறு வேண்டினர். அவர்களும் இணங்கினர். ஊர் தப்பியது, ராணுவம் எதிர்ப்பின்றி உள்ளே வந்தது. மார்ச் இறுதிக்குள் கிளர்ச்சியாளர் பிடித்திருந்த ஊர்கள் அனைத்தும் மீண்டும் அரசின் கைக்கு வந்துவிட்டன. எரிகோவின் மதில்கள் விழவில்லை.

ராணுவக் கணக்கில் இது முழு வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் நடுப்பகுதியை அரசு வெளியே சொல்ல விரும்பவில்லை. விமானங்கள் ஆள்களையும் பொருள்களையும் இறக்கவே அனுப்பப்பட்டன என்பதே அன்று பிரதமர் அளித்த விளக்கம். அசாம் சட்டமன்றத்தின் காசி மலை உறுப்பினர்களான ஸ்டான்லி நிக்கல்ஸ் ராய், ஹூவர் ஹைனீவ்டா ஆகியோர் ஐஸாலுக்கு நேரில் சென்று வந்து, விமானப்படை குண்டு வீசியதை அவையில் எடுத்துக்கூறினர். தன் நாட்டு மக்கள் வாழும் ஊர் மீது இந்திய விமானப்படை குண்டு வீசிய ஒரே நிகழ்வு என்று இது வழக்கமாகக் குறிப்பிடப்படுகிறது.

கிளர்ச்சியாளர் பக்கத்திலும் ரத்தக்கறை உண்டு. மிசோ அல்லாதோரை மலைகளைவிட்டு வெளியேறுமாறு முன்னணி மிரட்டியது. மிசோ யூனியனைச் சேர்ந்தவர்களும், அரசுக்குத் துப்புக் கொடுப்பவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட கிராமத்தவர்களும் சொந்த இனத்தின் துப்பாக்கிக்கே இரையாயினர். 1975 ஜனவரியில் ஐஸாலில் காவல்துறைத் தலைவர் உள்ளிட்ட மூன்று உயர் அதிகாரிகள் தங்கள் அலுவலகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். எனினும், மார்ச் முதல் வாரம் வரை முன்னணியை ஐயத்துடன் பார்த்த பல மிசோ குடும்பங்களை அதன் பக்கம் தள்ளியது ஐஸாலில் எரிந்த தீதான். பஞ்ச காலத்தில் அரிசி அனுப்பத் தாமதித்த அரசு, தண்டிக்கும்போது மட்டும் விமானத்தில் விரைந்து வந்தது என்று மலைமக்கள் பேசிக்கொண்டனர்.

கிராமங்கள் காலியான கதை

நகரங்களை இழந்த கிளர்ச்சியாளர்கள் காட்டுக்குள் சென்று கெரில்லாப் போருக்கு மாறினர். அவர்களுக்குச் சோறும் தகவலும் கிராமங்களிலிருந்தே கிடைத்தன. ஆகவே கிராமங்களையே அகற்றுவது என்று அரசு முடிவு செய்தது.

1967 ஜனவரியில் அது தொடங்கியது. சில்சார், ஐஸால், லுங்லே சாலையை ஒட்டிய கிராமங்கள் முதலில் காலி செய்யப்பட்டன. மக்கள் சாலையோரத்தில் வேலியிட்ட குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். 'பாதுகாக்கப்பட்ட, முன்னேற்றக் கிராமங்கள்' என்பது அவற்றுக்கு இடப்பட்ட பெயர். அடுத்த சில ஆண்டுகளில் இத்திட்டம் மாவட்டம் முழுவதும் விரிந்தது. மொத்தம் இருந்த 764 கிராமங்களில் 516 கிராமங்களின் மக்கள் 110 மையங்களில் அடைக்கப்பட்டனர் என்பது ஆய்வாளர்கள் தரும் கணக்கு. காலி செய்த கிராமங்கள், கிளர்ச்சியாளர்களுக்குப் பயன்படக்கூடாது என்பதற்காகக் கொளுத்தப்பட்டன.

இத்திட்டம் இந்தியாவில் உதித்ததன்று. மலேயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி 1950இல் வகுத்த பிரிக்ஸ் திட்டமே அதன் முன்மாதிரி. அங்கு காட்டோரம் வாழ்ந்த சீனர்கள் லட்சக்கணக்கில் முள்வேலியிட்ட 'புதுக் கிராமங்களுக்கு' மாற்றப்பட்டனர். தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளும் வேலிக்குள் வந்தன. அந்நிய ஆட்சி தன் குடியேற்ற நாட்டில் கையாண்ட முறையைச் சுதந்திர இந்தியா தன் குடிமக்கள் மீது கையாண்டது.

மிசோ மலைகளில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி வி.எஸ். ஜஃபா, பிற்காலத்தில் எழுதிய கட்டுரையில் தார்சோ என்ற கிராமம் காலி செய்யப்பட்ட விதத்தைப் பதிவு செய்துள்ளார். அந்தப் பணியில் ஈடுபட்ட ராணுவ அதிகாரியே மனம் நொந்து கூறிய தகவல் அது. வீடுகளைவிட்டு நகர மறுத்த மக்கள் வெளியேற்றப்பட்டனர், ஊர் எரிந்தது, பின்னர், தாங்களாகவே விரும்பி இடம் மாறியதாகக் கிராமப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டது.

விளைவுகள் நீண்டன. மலைச்சரிவுகளில் காடு எரித்துப் பயிரிடும் குடும்பம் தன் நிலத்துக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டும். ஆனால் மாலை மயங்குவதற்குள் வேலிக்குள் திரும்பியாக வேண்டும். சாகுபடி சுருங்கியது. தானே விளைவித்து உண்ட சமூகம் அரசு தரும் அரிசிக்கு வரிசையில் நின்றது. ஊர் என்றால் தலைமுறைகளின் நினைவு. அதை இழந்த முதியவர்கள் மையங்களிலேயே மடிந்தனர். முதல் சண்டையில் பங்கேற்ற இளைஞர் சில ஆயிரம் பேர். தண்டனை பெற்றதோ ஏறக்குறைய ஒட்டுமொத்த மாவட்டம்.

அத்திபெலே வரை வந்து நிற்கும் கோபம்

இதே ஆண்டுகளில் தில்லியை எதிர்த்து எழுந்த மற்றொரு பிரதேசக் கோபத்தைத் தமிழக வாசகர்கள் நன்கறிவர். 1962 மே 1ஆம் தேதி மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கோரிக்கையை எடுத்துரைத்தார். பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கும் 16ஆவது அரசமைப்புத் திருத்தம் 1963இல் நிறைவேறியது, தி.மு.க. தன் கோரிக்கையைக் கைவிட்டது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் தெருவில் இறங்கினர். துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் பலியாயின. பிப்ரவரி 11ஆம் தேதி மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன் ஆகியோர் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் நீடிக்கும் என்ற உறுதியைப் புதுப்பித்தார். இரண்டே ஆண்டுகளில் தி.மு.க. வாக்குச்சீட்டின் மூலம் கோட்டைக்குள் நுழைந்தது.

சென்னைக்குத் தில்லியின் அமைச்சரவையில் ஆள் இருந்தது. சட்டமன்றத்தைக் கைப்பற்றும் எண்ணிக்கை இருந்தது. அதனால் தில்லி இறங்கி வந்தது. ஐஸாலுக்கு இரண்டும் இல்லை. மக்கள்தொகை சிறியது, தொலைவு பெரியது, எல்லைக்கு அப்பால் பகைநாடு. 1965இல் சென்னைக்கு வானொலியில் வாக்குறுதி போயிற்று. 1966இல் ஐஸாலுக்குப் போர் விமானம் போயிற்று.

பிரதேச உணர்வு இன்றும் சூடாகவே இருக்கிறது. அதன் வெப்பமானியைப் பெங்களூர், ஓசூர் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் விளிம்பில் நிற்கும் அத்திபெலேயில் பார்க்கலாம். 1956 மொழிவாரிப் பிரிவினைக்குப் பிறகு அது இரு மாநிலங்களின் வாசல். காவிரி விவகாரம் கொதிக்கும்போதெல்லாம் முதலில் அடைபடும் வாசலும் அதுவே. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் தண்ணீர் திறப்பு உத்தரவை அடுத்து பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. பேருந்துகள் எல்லையில் நின்றன. பெண்களும் முதியவர்களும் பெட்டிகளைச் சுமந்துகொண்டு அத்திபெலேக்கும் ஓசூருக்கும் இடையே நடந்தே கடந்தனர்.

அங்கு இழப்பு உண்டு, அவமானமும் உண்டு. ஆனால் கோபம் எல்லைச்சாவடியைத் தாண்டிப் போராக மாறவில்லை. மறியலுக்குப் பின் வழக்கு. வழக்குக்குப் பின் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய நீரின் அளவை 177.25 டி.எம்.சி. என நிர்ணயித்தது; அதே ஆண்டில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. தீர்ப்பு இரு தரப்பையும் முழுமையாக மகிழ்விக்கவில்லை. ஆயினும் முறையிட ஓரிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையே அந்தச் சாலையில் மறுபடியும் வண்டிகளை ஓட வைக்கிறது. 1958இல் ரூ.15 லட்சம் கேட்ட மாவட்டக் கவுன்சிலுக்கு அப்படி ஓரிடம் கிடைத்திருந்தால், 1966 பிப்ரவரி 28ஆம் தேதி வேறு விதமாகக் கழிந்திருக்கக் கூடும்.

அதே நெடுஞ்சாலையின் தொழிற்பகுதிகளில் இன்று வடகிழக்கு மாநில இளைஞர்கள் ஏராளமாக வேலை செய்கின்றனர். 2012 ஆகஸ்டில் தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி பரவியதும் அவர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்துக்கு ஓடினர். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அரசின் உறுதிமொழியைவிட வதந்தியை அவர்கள் நம்பினர். அந்த அச்சத்துக்கு உடனடிக் காரணங்கள் வேறாயினும், தில்லியின் சொல்லை நம்பி ஏமாந்த தலைமுறைகளின் அனுபவத்தை ஒதுக்கிவிட்டு அதைப் புரிந்துகொள்ள இயலாது.

கதவு திறந்தபோது

போரை முடித்தது போர் அன்று. 1971இல் வங்கதேசம் பிறந்ததும் கிளர்ச்சியாளர்கள் கிழக்கிலிருந்த தளங்களை இழந்தனர். லால்டெங்கா பாகிஸ்தானுக்குச் சென்றார். 1972 ஜனவரியில் மிசோரம் யூனியன் பிரதேசமாயிற்று. 1976இல் எட்டப்பட்ட உடன்பாடு நடைமுறைக்கு வராமல் போயிற்று. இத்தனைக்கும் பிறகு, ராஜீவ் காந்தி ஆட்சியில் 1986 ஜூன் 30ஆம் தேதி தில்லியில் மிசோரம் உடன்படிக்கை கையெழுத்தானது. அரசின் சார்பில் கையெழுத்திட்ட உள்துறைச் செயலர் ஆர்.டி. பிரதான் அன்றுதான் ஓய்வு பெற்றார்.

உடன்படிக்கையின் உயிர் அதன் பிற்பகுதியில் இருந்தது. காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா பதவியை விட்டுக்கொடுத்துத் துணை முதல்வரானார். காட்டிலும் அயல்நாடுகளிலும் இருபது ஆண்டுகள் கழித்த லால்டெங்கா முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். 1987 பிப்ரவரி 20ஆம் தேதி மிசோரம் நாட்டின் 23ஆவது மாநிலமாயிற்று. மிசோக்களின் சமயம், வழக்காறு, நிலவுரிமை ஆகியவை குறித்த நாடாளுமன்றச் சட்டங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிச் செல்லாது என்ற காப்பு, 371-ஜி பிரிவாக அரசமைப்பில் இடம்பெற்றது. 1966இல் கேட்கப்பட்டது நாடு. 1986இல் கிடைத்தது மாநிலம். இரண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.

பாக் நீரிணைக்கு அப்பால் இதற்கு நேர்மாறானது நடந்தது. 1983 ஜூலை 23ஆம் தேதி யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அந்தப் பதுங்கித் தாக்குதல் தன்னளவில் சிறியதே. அதைத் தொடர்ந்து தமிழர்கள் மீது அவிழ்த்துவிடப்பட்ட வன்முறையும், ஆகஸ்டில் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆறாவது அரசமைப்புத் திருத்தமும் அதைப் பெரும் போராக்கின. பிரிவினையை மறுத்து உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் இடங்களை இழந்தனர். பேசக்கூடியவர்களை அவையிலிருந்து வெளியேற்றிய அரசு, பின்னர் பேச ஆளின்றிப் போரிட்டது. தில்லி காட்டிலிருந்தவரை அவைக்கு அழைத்தது; கொழும்பு அவையிலிருந்தவரை வெளியே அனுப்பியது.

எல்லைக்கு அப்பால் அதே வானம்

மிசோரத்தில் உடன்படிக்கை நிலைத்தது. முன்னாள் கிளர்ச்சித் தலைவர் ஜோரம்தங்கா 1998 முதல் 2008 வரையும், பின்னர் 2018 முதல் 2023 வரையும் முதல்வராக இருந்தார். தேர்தலில் தோற்றபோது பதவியை ஒப்படைத்து வெளியேறினார். 2006க்குப் பின் மீண்டும் மூங்கில் பூத்தது; எலிகள் வந்தன; பயிர்கள் அழிந்தன. ஆயினும் கிளர்ச்சி எழவில்லை. 2025 செப்டம்பர் 13ஆம் தேதி ஐஸாலுக்கு அருகிலுள்ள சைராங் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1966இல் கிளர்ச்சியாளர்கள் மறித்த வைரெங்தேயில் 1970 முதல் ராணுவத்தின் கிளர்ச்சி எதிர்ப்பு, வனப்போர்ப் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது.

ஆனால் சம்பாய் மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால் கதை மறுபடி தொடங்கியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதை அடுத்து, மிசோக்களின் உறவினரான சின் மக்கள் வேட்டைத் துப்பாக்கிகளுடன் எதிர்த்து நின்றனர். ராணுவம் கிராமங்கள் மீது விமானங்களை ஏவியது. 2023 ஜனவரியில் இந்திய எல்லையை ஒட்டிய சின் போராளிகளின் தலைமை முகாம் மீதே குண்டுகள் விழுந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மிசோரத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை அனுமதிக்க வேண்டாம் என்று 2021 மார்ச்சில் மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியபோது, தம் மக்களின் உறவினரைத் திருப்பி அனுப்ப இயலாது என்று ஐஸால் அரசு பிரதமருக்குக் கடிதம் எழுதியது.

ஒரு மாநில அரசு மத்திய அரசுக்கு மறுப்புக் கடிதம் எழுதியது. மத்திய அரசு அதைப் பொறுத்துக்கொண்டது. யாரும் யாரையும் சுடவில்லை. 1986 உடன்படிக்கை ஈட்டித்தந்த உண்மையான பலன் இதுதான். 1966 மார்ச் 5ஐ அவையில் ஒரு கட்சி மற்றொரு கட்சி மீது எறியும் கல்லாகப் பயன்படுத்துவோர், அந்த நாளுக்கு முன்பிருந்த எட்டு ஆண்டுகளையும் பின்பிருந்த இருபது ஆண்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கலவரம் தணியாத மணிப்பூர் அந்தப் பாடத்துக்காக இன்னும் காத்திருக்கிறது.